குட்டையோரம் காத்திருத்தல்: எட்டோஷாவில் விலங்குகளைப் பார்ப்பது எப்படி

ஆப்பிரிக்கச் சரணாலயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு சிங்கத்தைத் தேடி ஓடும் ஜீப்தான். அது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு நீர்க்குட்டையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருப்பது. தேடிப் போக வேண்டியதே இல்லை, தாகம் விலங்குகளைக் கூட்டிவந்துவிடும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான். ஓடித் தேடினால், படுத்திருக்கும் சிங்கத்தின் முதுகைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வரலாம். உட்கார்ந்திருந்தால், ஏழெட்டு வகை விலங்குகள் ஒன்றுக்கொன்று எப்படி வழி விடுகின்றன, எப்படி விரட்டுகின்றன, எதற்கு எது பயப்படுகிறது என்று மணிக்கணக்கில் பார்க்கலாம்.

இதைக் கற்றுக்கொள்ள நமீபியாவின் வடக்கே இருக்கும் எட்டோஷா தேசியப் பூங்கா மிகவும் ஏற்ற இடம். ஜெர்மானியர் ஆண்ட காலத்தில், 1907ல், காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. இன்றைய பரப்பு சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். அதில் கிட்டத்தட்ட 4,800 சதுர கிலோமீட்டர் வெறும் உப்புப் படுகை. மரமோ புல்லோ இல்லாத வெள்ளைத் தரை, கண்ணுக்கு எட்டிய வரை கானல் நீர். எட்டோஷா என்ற பெயருக்கே 'பெரிய வெள்ளை இடம்' என்று பொருள் சொல்வார்கள். நல்ல மழை பெய்த வருடங்களில் படுகையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் பரவும், பூநாரைகள் வந்து இறங்கும். ஆனால் அந்தத் தண்ணீர் கடல் நீரைவிட உப்பு, விலங்குகள் குடிக்க உதவாது. ஆகவே இந்தப் பெரிய நிலத்தின் யானை, சிங்கம், வரிக்குதிரை, மான் எல்லாமே படுகையின் ஓரத்திலும் அதற்குத் தெற்கிலும் இருக்கும் சின்னச் சின்ன ஊற்றுகளையும் குட்டைகளையும் நம்பித்தான் வாழ்கின்றன. பார்க்க வருகிறவருக்கு அதுதான் வசதி.

ஆனால் எல்லா மாதமும் இது நடக்காது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம். அப்போது பள்ளம் இருக்கும் இடமெல்லாம் தண்ணீர் தேங்கும், இலைகளிலும் ஈரம் இருக்கும். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கும்போது, சிங்கம் பதுங்கியிருக்கக்கூடிய குட்டைக்கு எந்த வரிக்குதிரை வரும்? மே மாதத்திலிருந்து மழை நின்று, தேங்கிய நீர் ஒவ்வொன்றாக வற்றும். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் ஆகும்போது நிரந்தரக் குட்டைகள் மட்டும் மிஞ்சும். குட்டையோரம் உட்கார அந்த மூன்று மாதங்களே சரியான காலம். அக்டோபர் வெயில் கொடுமையாக இருக்கும், புழுதி இருக்கும், நிலம் அழகாகவும் இருக்காது. பரவாயில்லை. விலங்குகளுக்காகப் போகிறவர் அந்த வெயிலைத் தாங்கிக்கொள்ளலாம்.

யாருக்கு எவ்வளவு தாகம்

குட்டையில் நடப்பதைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்று தெரிந்தால் போதும். எல்லா விலங்குக்கும் ஒரே அளவு தண்ணீர் தேவையில்லை.

யானைக்குத்தான் தேவை அதிகம். வளர்ந்த யானை ஒரு நாளில் 100 முதல் 200 லிட்டர் வரை குடிக்கும். துதிக்கையில் ஒரு தடவைக்கு எட்டுப் பத்து லிட்டர் உறிஞ்சி வாயில் ஊற்றிக்கொள்ளும். வரிக்குதிரைக்கும் தண்ணீர் இல்லாமல் முடியாது. காய்ந்த புல்லைத் தின்று வாழ்வதால், ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறையாவது குடித்தாக வேண்டும். ஆகவே வறட்சிக் காலத்தில் குட்டையில் அதிகம் கண்ணில் படுவது வரிக்குதிரைக் கூட்டம்தான்.

ஜெம்ஸ்பாக் இதற்கு நேர்மாறு. ஈட்டிபோல் நீண்ட இரண்டு கொம்பும், கறுப்பு வெள்ளை முகமும் கொண்ட இந்த மான், நமீபியாவின் தேசிய விலங்கு. கிழங்கிலும் இலையிலும் இருக்கும் ஈரத்தை வைத்தே நாள்கணக்கில் சமாளிக்கும். வியர்த்துத் தண்ணீரை வீணாக்காமல், உடம்பின் வெப்பத்தை 40 டிகிரிக்கு மேல் ஏறவிட்டு, இரவில் ஆற்றிக்கொள்ளும். தண்ணீர் கிடைத்தால் குடிக்கும், கிடைக்காவிட்டால் தவித்துப்போகாது. துள்ளித் துள்ளி ஓடும் ஸ்பிரிங்பாக் மானும் ஏறக்குறைய அப்படியே. ஐந்து கிலோ எடைகூட எட்டுமா என்று தோன்றும் டிக்டிக் என்ற குட்டி மானோ தண்ணீர் குடிப்பதே அபூர்வம். அதைக் குட்டையில் தேடிப் பயனில்லை, பயணிகள் தங்கும் நமுடோனி முகாமைச் சுற்றியுள்ள புதர்களில் தேட வேண்டும்.

சிங்கத்துக்கு இரையின் இரத்தத்திலும் சதையிலும் ஓரளவு ஈரம் கிடைத்துவிடும். இருந்தாலும் வயிறு நிறையத் தின்ற பிறகு குடிக்க வரும். பசியோடு வந்தால், அது வருவது தண்ணீருக்காக அல்ல.

நீர்யானை, முதலை, காட்டெருமை மூன்றும் எட்டோஷாவில் கிடையாது. தொலைக்காட்சியில் பார்த்த முதலைக் காட்சியை எதிர்பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

தாகமும் பயமும்

குட்டைக்கு வரும் ஒவ்வொரு விலங்கும் இருதலைக்கொள்ளி எறும்புதான். குடிக்காவிட்டால் செத்துப்போகும், குடிக்கக் குனிந்தால் கொல்லப்படலாம். குட்டையோரத்தில் நாம் பார்ப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே அவை போடும் கணக்கு. இது பிடிபட்டுவிட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் அரைமணி நேரத்தில்கூட எவ்வளவோ நடப்பது தெரியும்.

வரிக்குதிரைகளைக் கவனியுங்கள். வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, தேய்ந்த ஒற்றையடித் தடத்தில் வரும். குட்டைக்கு ஐம்பது அறுபது மீட்டர் இருக்கும்போது முதலில் வருவது நின்றுவிடும். பின்னால் வருவதெல்லாம் நிற்கும். காதுகள் மட்டும் திரும்பும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அப்புறம் நாலடி முன்னால் வரும். எங்கோ ஒரு புறா படபடத்து எழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் திரும்பி ஓடிவிடும். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் ஒன்று துணிந்து முன்னங்கால்களை நீரில் வைக்கும். அடுத்த நொடி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்து குடிக்கும். அந்தத் தயக்கம் முழுவதையும் பார்த்த பிறகு, அது குடிக்கும் முதல் வாய்த் தண்ணீர் நமக்கே தொண்டையில் இறங்குவதுபோல் இருக்கும்.

ஒட்டகச்சிவிங்கியின் பாடு இன்னும் கஷ்டம். அவ்வளவு உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தலையைத் தரை வரை இறக்கினால் அந்த வேகத்தில் மூளைக்குப் பாயும் இரத்தத்தைத் தடுத்துத் தணிக்க, மூளையின் அடியில் நுண்ணிய இரத்தக்குழாய்களாலான ஒரு வலை இருக்கிறது, கழுத்துச் சிரைகளில் தடுப்பு வால்வுகள் இருக்கின்றன. உடம்புக்குள் இத்தனை ஏற்பாடு இருந்தும், வெளியே அது முன்னங்கால்களை அகட்டி, முட்டி மடக்கி, தடுமாறித்தான் குனிய முடியும். அந்த நிலையில் சட்டென ஓட முடியாது. ஆகவே நெடுநேரம் சுற்றுமுற்றும் பார்க்கும். குனியப் போய் நிமிர்ந்துவிடும். இரண்டு மூன்று சிவிங்கிகள் வந்தால், ஒன்று குனியும்போது இன்னொன்று நிமிர்ந்து காவல் நிற்பதைக் காணலாம். அவை எல்லாம் ஒரே திசையில் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றால், உங்கள் பைனாகுலரையும் அந்தப் பக்கம் திருப்புங்கள். சிங்கம் இருக்கும் இடத்தை இதைவிட நன்றாக எந்த வழிகாட்டியும் காட்ட முடியாது.

யானைகளுக்கு இந்தத் தயக்கம் இல்லை. தூரத்தில் புழுதி எழும், பிறகு மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறம் அசையும். எட்டோஷா யானைகளைச் சாம்பல் நிறம் என்பதுகூடத் தப்பு. வெண்களிமண்ணைப் பூசிக்கொள்வதால் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்திருக்கும். தண்ணீர் வாசனை எட்டியதும் கடைசிக் கொஞ்ச தூரத்தை ஓட்டமாகவே வரும், குட்டிகள் நடுவில். அவை வந்ததும் மற்ற எல்லாம் விலகும். சிங்கம் ஆனாலும் எழுந்து போக வேண்டியதுதான். பலவற்றுக்கு அது ஒரு மணி நேரக் காத்திருப்பு. தாகத்தோடு வந்த வரிக்குதிரைகள் சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும், குடிக்காமலே திரும்பிப் போகும் நாளும் உண்டு. கறுப்புக் காண்டாமிருகம் மட்டும் சில சமயம் விட்டுக்கொடுக்காது. பெருமூச்சு விட்டுக்கொண்டு யானைக்கு எதிரே நிற்கும். அந்த நேரத்தில் குட்டையோரத்தில் பார்வையாளர் ஒருவரும் மூச்சுக்கூட விடமாட்டார்.

எந்த நேரத்துக்கு எது வரும் என்பதிலும் இதே கணக்குதான். வரிக்குதிரை, ஸ்பிரிங்பாக், வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் போன்றவை பெரும்பாலும் காலை வெயில் ஏறிய பிறகு வரும், சிங்கம் நிழலில் சோம்பிக் கிடக்கும் நேரம் அது. சூடு ஏறியதும், நண்பகலிலும் பிற்பகலிலும், யானைகள். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். சிங்கம் பக்கத்தில் இருக்கும் நாட்களில் சில தாவர உண்ணிகள் இருட்டில் குடிக்க வருவதைத் தவிர்த்து, வெயில் நேரத்துக்குத் தங்கள் வரவை மாற்றிக்கொள்கின்றன. ஆகவே 'மதியம் ஒன்றும் இருக்காது' என்று முகாமுக்குத் திரும்பித் தூங்குவது பெரிய இழப்பு.

பறவைகளை மறந்துவிடக் கூடாது. கல்கௌதாரிகள் காய்ந்த விதைகளைத் தின்பதால் தினமும் தண்ணீர் வேண்டும். நமாக்குவா கல்கௌதாரி காலையில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஆண் பறவை குடிப்பதோடு நிற்காமல், அடிவயிற்றைத் தண்ணீரில் அமிழ்த்தி நெடுநேரம் ஆட்டும். அதன் அடிவயிற்று இறகுகள் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதைச் சுமந்து பல கிலோமீட்டர் பறந்து போய்க் கூட்டில் நிற்கும், குஞ்சுகள் அந்த இறகைச் சப்பித் தாகம் தீர்த்துக்கொள்ளும். யானைக்காகக் காத்திருக்கும்போது, உங்கள் காலடிக்குப் பக்கத்தில் இது நடந்துகொண்டிருக்கும். பெரியதை மட்டும் பார்க்க வந்தவர்கள் இதைத் தவறவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

எட்டோஷாவின் குட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி உருவானவை அல்ல. படுகையின் ஓரத்தில், நீரைத் தாங்கி நிற்கும் சுண்ணக்கல் அடுக்கு, நீர் புகாத களிமண்ணைச் சந்திக்கும் இடத்தில், மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் தண்ணீர் கசிந்து வெளியே வரும். சால்வடோரா, ஒக்கெர்ஃபான்டைன் போன்றவை அந்த வகை. வேறு சில இடங்களில் நிலம் குழிந்து, நிலத்தடி நீர் மட்டத்தையே தொட்டுவிடும், நம் ஊர்க் கிணறு இயற்கையாகவே வெட்டப்பட்டதுபோல. கிழக்கே சூடோப் போன்ற இடங்களில் அடியிலிருக்கும் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. அங்கே குட்டையின் நடுவே நாணல் திட்டு ஒன்றும் உண்டு. இவை தவிர, ஜெம்ஸ்பாக்விளாக்டே, ஒலிஃபான்ட்ஸ்பாட் போன்ற குட்டைகளுக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றப்படுகிறது. முதல் பெயருக்கு ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஜெம்ஸ்பாக் சமவெளி என்று பொருள், இரண்டாவதற்கு யானைக் குளியல்.

ஹலாலி முகாமின் குட்டைக்கு மொரிங்கா என்று பெயர். அங்கே பாறைக் குன்றில் நிற்கும் ஆப்பிரிக்க முருங்கை மரங்களை வைத்து வந்த பெயர் அது. மொரிங்கா என்ற தாவரவியல் பெயர் நம் முருங்கையிலிருந்து போனது. அவ்வளவு தூரத்தில், சிறுத்தையும் காண்டாமிருகமும் குடிக்கும் குட்டை ஒன்று தமிழ்ச் சொல்லைத் தாங்கி நிற்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த ஊற்றுகளை நம்பி மனிதர்களும் வாழ்ந்தார்கள். ஹாய்-ஓம் என்ற சான் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்து, வேட்டையாடி, கிழங்கு தோண்டிப் பிழைத்தவர்கள். 1954ல் அவர்கள் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். நாம் இன்று வண்டியை நிறுத்தும் இடங்களில் சில, அவர்களுடைய வீட்டு வாசல். வனவிலங்குப் பாதுகாப்பின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமில்லை.

தண்ணீர் கூடினால் நல்லதா

விலங்கு தாகத்தில் தவிக்கிறது, ஒரு போர் போட்டுக் குட்டை வெட்டினால் என்ன என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் 1930களிலிருந்து அப்படித்தான் செய்தார்கள். நூற்றுக்கணக்கில் ஆழ்துளைக் கிணறுகளும் தடுப்பணைகளும் வந்தன. வடக்கே, தண்ணீர் குறைவாக இருந்த புல்வெளியில் ரோன் என்ற அபூர்வ மான் இனம் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தது. புதுத் தண்ணீரைத் தேடி அங்கே வரிக்குதிரைகளும் வில்டபீஸ்ட்களும் வந்தன. அவற்றைத் தேடிச் சிங்கங்கள் வந்தன. 1986ல் 450 அளவில் இருந்த ரோன் மான்கள், 1993ல் 45 அளவுக்குச் சரிந்துவிட்டன. வறட்சிக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், அப்புறம்தான் குரூகரில் செயற்கைக் குட்டைகளில் பெரும்பகுதியை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தக் குட்டையைச் சுற்றியும் ஒரு வளையத்துக்குப் புல்லே இருக்காது, மேய்ந்தும் மிதித்தும் வெறுந்தரை ஆகியிருக்கும். வறட்சி நீள நீள அந்த வளையம் அகலும். புல் ஒரு பக்கம் தள்ளிப் போகும், தண்ணீர் இங்கேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே தினமும் நடந்தே குட்டிகள் சோர்ந்துவிடும். கடும் வறட்சியில் நிரம்பிய குட்டையின் பக்கத்திலேயே விலங்குகள் பசியால் செத்துக் கிடப்பது இப்படித்தான். குட்டையைப் பார்க்கும்போது தண்ணீரை மட்டும் பார்க்காமல், சுற்றியுள்ள தரை எவ்வளவு தூரம் வெளுத்திருக்கிறது என்றும் பாருங்கள். அந்த வருடம் எப்படிப்பட்டது என்று அது சொல்லிவிடும்.

அதற்காக எல்லாக் குட்டையையும் மூடிவிடலாமா என்றால், அதுவும் முடியாது. ஹ்வாங்கேயில் வறட்சிக் காலத்துக்கு இயற்கை நீர் மிகக் குறைவு. 1928ல் அது காப்பகமான பிறகு, முதல் காப்பாளர் டெட் டேவிசன் காலத்திலேயே கிணறு தோண்டி நீர் இறைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தத் தண்ணீரை நம்பி யானைகள் பெருகிவிட்டன. இன்று பம்பு நின்றால் அவை சாகும். 2019 வறட்சியில் அங்கேயும் ஜிம்பாப்வேயின் வேறு பூங்காக்களிலுமாக இருநூறு அளவில் யானைகள் இறந்தன.

உட்காரும் முறை

ஒரு நாளில் பத்துக் குட்டைகளைச் சுற்றிவர ஆசைப்படாதீர்கள். இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு மணி நேரம். காலியாகக் கிடக்கிறதே என்று ஐந்து நிமிடத்தில் கிளம்பிப் போகும் வண்டிகளை நிறையப் பார்க்கலாம். குட்டைக்குப் பக்கத்தில் ஈரச் சாணம் இருக்கிறதா, தடங்கள் புதிதா என்று பாருங்கள், இருந்தால் நம்பி உட்காருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருக்குமாறு நிறுத்தினால் கண் கூசாது, படமும் நன்றாக வரும். விலங்குகள் வரும் தடத்தை மறித்து நிறுத்தக் கூடாது, யானைத் தடத்தை ஒருபோதும் கூடாது. பூங்காவுக்குள் வேலி போட்ட இடங்களைத் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. குடிநீர், சாப்பாடு, தொப்பி எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காண்டாமிருகத்தைப் படம் எடுத்தால், எந்தக் குட்டை, எந்த நாள் என்று இணையத்தில் போடாதீர்கள். கொம்புக்காகக் கொல்பவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

சூரியன் மறைவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும், கதவை மூடிவிடுவார்கள். ஆனால் நாள் அதோடு முடிவதில்லை. ஒகாகுவேயோ, ஹலாலி, நமுடோனி மூன்று முகாம்களிலும் வேலிக்கு அப்பால் குட்டை உண்டு, இரவு முழுக்க விளக்கு எரியும். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் தயங்காமல் ஒகாகுவேயோ. கல் சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் நாம், அந்தப் பக்கம் சில பத்து மீட்டர் தூரத்தில் தண்ணீர். தனிமை விரும்பி என்று பெயர் எடுத்த கறுப்புக் காண்டாமிருகங்கள் அங்கே இரவில் இரண்டு மூன்றாக ஒன்றுகூடி, மூக்கோடு மூக்கு உரசி நிற்பதைக் காணலாம். தாயின் பின்னால் குட்டியும் வரும். அது தண்ணீர் உறிஞ்சும் சத்தம்கூட நம் காதில் விழும், பக்கத்தில் யாரும் பேசாமல் இருந்தால்.

ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், கம்பளி எடுத்துப் போங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பெஞ்சுகளில் கூட்டம் நெரியும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பாதிப் பேர் தூங்கப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். காண்டாமிருகங்கள் நள்ளிரவிலும் வரும்.